பாத்ரூம் வேலைக்கு எத்தனை நாள் ஆகும்? 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே கணக்கே வேற!

"பத்து நாள்ல முடிச்சிடலாம்." பாத்ரூமைப் புதுப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தாலே மேஸ்திரியிடமிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆள் கை வைத்துச் செய்யும் வேலையை மட்டும் அவர் கணக்குப் போடுகிறார். சிமென்ட் இறுகும் நாள், பைப் சோதிக்கும் நாள், தண்ணீர் தேக்கி வைத்துப் பார்க்கும் நாள் எதுவும் அந்தப் பத்தில் இல்லை.

நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ இந்தக் கணக்கு நாலு நாள் தள்ளிப்போனால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு எல்போ குறைந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்துவிடலாம். கொல்லிமலையில் நிலைமை அப்படி இல்லை. காரவள்ளி வழியாக வந்தால் 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். செம்மேட்டுக் கடையில் கிடைக்காத ஒரு பொருளுக்காகக் கீழே இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி காலி. திண்ணனூர் நாடு மாதிரி ஊராட்சிகளில், பாதைக்கு மேலேயும் கீழேயும் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டிய தூரம் வேறு இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலை வீடுகளில் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு பாத்ரூம். அதை இடித்த நாளிலிருந்து புதுசு தயாராகும் நாள் வரை பாட்டி ராத்திரி எங்கே போவார்? அதனால் கால அட்டவணையை வெறும் மேஸ்திரி சமாச்சாரமாக விட்டுவிட முடியாது. வேலை கோவையிலோ சென்னையிலோ, அம்மா அப்பா மலையிலோ என்று இருப்பவர்கள், ஆளை அழைப்பதற்கு முன்பே இதை உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது.

எந்த மாதம் தொடங்கலாம்?

மழை முதல் எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டிலும் மலைக்குப் பங்கு உண்டு. குழி தோண்டிய மறுநாள் மழை பிடித்தால் மண் சரிந்து குழி மூடிக்கொள்ளும். எம் சாண்ட் குவியல் சரிவில் ஓடும். பனிமூட்டத்திலும் ஈரக்காற்றிலும் திறந்துவைத்த சிமென்ட் மூட்டை கட்டிதட்டிப் போகும்.

ஆடியிலும் மார்கழியிலும் வீட்டு வேலை தொடங்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டும் நடைமுறையிலும் தோதில்லாத மாதங்கள்தான். ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலைப்பாதை முழுக்க வண்டிகளாக இருக்கும், சாமான் ஏற்ற முடியாது. மார்கழிக் குளிரில் சிமென்ட் இறுகுவது மந்தமாகும்.

ஆக, மிஞ்சுவது தை முதல் பங்குனி வரை. பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பியதும் தொடங்கினால், கோடை மழைக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் முன்பாக முடித்துவிடலாம். இதிலும் ஒரு இடைஞ்சல் இருக்கத்தான் செய்கிறது. மிளகு பறிப்பும் கிட்டத்தட்ட இதே சமயம்தான். சித்தாள் வேலைக்கு வருபவர்கள் மிளகுக் கொடிக்குப் போய்விடுவார்கள். அதனால் ஆளை மார்கழியிலேயே பேசி, தேதியைச் சொல்லி வைத்துவிட வேண்டும்.

குழி எங்கே? இதுதான் முதல் கேள்வி

டைல்ஸ் கலரைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பமே இரண்டு வாரம் சண்டை போடும். ஃப்ளஷ் செய்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மலையில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

பல வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் ஊற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். மேட்டில் இருக்கும் வீட்டின் உறிஞ்சுகுழி, பள்ளத்தில் இருக்கும் வீட்டின் ஊற்றுக்கு நேர் மேலே அமைந்துவிட்டால், நம் புதுப் பாத்ரூம் அவர்கள் குடிதண்ணீருக்கு வினையாகிவிடும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நெறிமுறை (ஐ.எஸ். 2470), கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடம் குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. சமதளத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். சரிவில், மண்ணுக்கு அடியில் பாறை வெடிப்பு ஓடும் இடத்தில், 18 மீட்டரை டேப் வைத்து அளந்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஊற்று எந்தப் பக்கம் இருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுக் குழிக்குக் குறி போடுவதே சரி.

அடுத்த கேள்வி, செப்டிக் டேங்கா, இரட்டைக் குழியா?

செப்டிக் டேங்க் என்றால் 5 பேர் உள்ள வீட்டுக்கு, அதே நெறிமுறைப்படி, உள்நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். கட்டுவதைவிட அதைக் காலி செய்வதுதான் மலையில் பிரச்சினை. உறிஞ்சும் லாரி வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லாரி வராத இடத்தில் டேங்க் நிறைந்தால், "ஆளை இறக்கிடலாம்" என்ற பேச்சு வரும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறக்குபவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. இறங்குபவருக்கு விஷவாயுவால் உயிரே போகலாம்.

இரட்டைக் குழியில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிடலாம். மூடிய குழி இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மட்கி உரமாகிவிடும். லாரி தேவையில்லை. ஒரே நிபந்தனை, குளிக்கிற தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் இந்தக் குழிக்குள் போகக் கூடாது. அதற்குத் தனி பைப் போட்டு வாழைக்கோ சேப்பங்கிழங்குக்கோ விட்டுவிடலாம்.

மண் தண்ணீரை இழுக்குமா என்று பார்க்க லேப் தேவையில்லை. குழி வரப்போகும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டி, தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் பாறை. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

பழைய சுவர் மண் சுவரா என்பதையும் இப்போதே தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மண் சுவரின் மேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டினால், எங்கோ ஒரு விரிசல் வழியாக ஈரம் உள்ளே போய், வெளியே தெரியாமலே சுவர் ஊதிவிடும். அதை ஒட்டி உள்பக்கம் ஹாலோ பிளாக் வைத்துத் தனிச் சுவர் எழுப்புவதே நல்லது. அதற்கு இடமும் போகும், நாலைந்து நாளும் கூடும்.

கமோடு கடையில் இருக்கும்போதே…

கமோடை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பைப் புதைக்க வேண்டும். கழிவு தரை வழியாக இறங்குவது எஸ்-டிராப், சுவர் வழியாக வெளியேறுவது பி-டிராப். எஸ்-டிராப்பிலேயே, பின்சுவரிலிருந்து துளைக்கு நடு வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும். பைப்பை ஒரு தூரத்தில் புதைத்துவிட்டு வேறு தூரமுள்ள கமோடை வாங்கி வந்தால், புது டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. உயரத்தில் இருந்தால் எழுந்திருப்பது சுலபம். கைப்பிடிக் கம்பி வரும் இடத்தில் சுவர் உறுதியாக இருக்க வேண்டும் என்பதையும் மேஸ்திரியிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஹாலோ பிளாக்கின் பொந்தில் ஸ்க்ரூ பிடிக்காது. அந்த இடத்துப் பொந்தை மட்டும் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டால் போதும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாமல் தவிக்க வேண்டாம்.

யூடியூபில் பார்த்த ரெயின் ஷவரை வாங்குவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டின் தொட்டி ஷவருக்கு இரண்டு, மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது கால் பார். ரெயின் ஷவர் சொட்டும், அவ்வளவுதான்.

ஒரே லோடு

சாமான் எல்லாம் ஒரே தடவையில் மலை ஏற வேண்டும். 6-க்கு 8 அடி பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். தரை 48 சதுர அடி. சுவரின் சுற்றளவு 28 அடி, 7 அடி உயரம் வரை டைல்ஸ் என்றால் 196 சதுர அடி. இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் சுமார் 178. இரண்டும் சேர்த்து 226 சதுர அடி. கீழே என்றால் 10 சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள். 70 வளைவில் குலுங்கி வரும் பெட்டிக்கு 15 சதவீதம் வைத்துக்கொண்டால், 260 சதுர அடி. பெட்டிகளின் மேல் இருக்கும் பேட்ச் நம்பர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பாதியில் குறைந்து மறுபடி வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறிவிடும். வண்டியில் டைல்ஸ் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் உடைசல் குறையும். தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம், மேட் ஃபினிஷ்தான்.

சிமென்ட் மூட்டையில் அது தயாரான வாரமும் வருஷமும் அச்சாகி இருக்கும். மூன்று மாதத்துக்குப் பழசாக இருந்தால் தொட வேண்டாம். மேலே கொண்டுவந்ததும் தரையில் போடாமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

பைப் சாமான்களில் எல்போ, டீ, கப்ளிங், சொல்யூஷன் டப்பா, டேப் எல்லாவற்றையும் பிளம்பர் எழுதிக் கொடுத்த எண்ணிக்கையைவிட இரண்டிரண்டு அதிகமாக வாங்கிக்கொள்ளலாம். மிஞ்சினால் பல கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

36 நாள் எப்படி வருகிறது?

முதல் 2 நாள் இடிப்பு. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கழிவுநீர் பைப்பும் சேம்பரும். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வரை சுவரில் காடி வெட்டித் தண்ணீர் பைப்பும் வயர் பைப்பும். ஒன்பதாம் நாள், பூச்சு பூசும் முன்பு, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி பைப்பைச் சோதிக்க வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இந்த ஒரு நாள்தான். சுவருக்குள் புதைந்த ஒரு ஜாயின்ட் கசிந்தால், அது தெரியவரும்போது டைல்ஸ் ஒட்டி ஆறு மாதம் ஆகியிருக்கும்.

பத்தும் பதினொன்றும் சுவர்ப் பூச்சு, தரைக் கலவை. தரையின் வாட்டம் இங்கேயே வந்துவிட வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வராது. 4 அடிக்கு அரை அங்குலம் போதும்.

பன்னிரண்டாம் நாள் முதல் இருபத்தொன்று வரை, அதாவது 10 நாள், யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். இந்த இடத்தில்தான் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கும். "சும்மாதானே கிடக்கு, டைல்ஸை ஒட்டிட வேண்டியதுதானே?" சும்மா கிடக்கவில்லை. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. கான்கிரீட்டுக்கான நெறிமுறையான ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. இரண்டாவது வகை. பூச்சுக்கும் அதே 10 நாளைப் பிடித்துக்கொள்வது நல்லது. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் தண்ணீர் காட்ட வேண்டும். இதற்கு மேஸ்திரி தேவையில்லை, வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும்.

இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு வரை வாட்டர்புரூஃபிங். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சிமென்ட்டால் உருட்டிவிட்டு, இரண்டு கோட். முதல் கோட் காய்ந்த பிறகு, அதற்குக் குறுக்காக இரண்டாவது. தரை முழுக்க, சுவரில் ஒரு அடி உயரம் வரை, ஷவர் இருக்கும் பக்கம் மட்டும் 6 அடி வரை. இருபத்தைந்தாம் நாள் காயட்டும்.

இருபத்தாறும் இருபத்தேழும் மொத்த வேலையிலும் மலிவான, ஆனால் விடக்கூடாத இரண்டு நாள்கள். தண்ணீர் போகும் துளையைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக அடைத்து, வாசலில் சின்னதாக ஒரு வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் அப்படியே விட வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் குறியுங்கள். கொஞ்சம் தண்ணீர் தானாக ஆவியாகும். அதையும் கசிவையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நேர்ப்பக்கமுள்ள ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதே அறையில் ஒரு செங்கல் மேல் வைத்து, அதிலும் கோடு போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. தரையில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. அடுத்த அறைச் சுவரின் அடிப்பகுதியையும் வெளிச்சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் மறுபடி ஒரு கோட், மறுபடி 48 மணி நேரம். நாலு நாள் போகும், போகட்டும்.

அதன்பிறகு வேலை வேகமெடுக்கும். நாலு நாள் டைல்ஸ், ஒரு நாள் இடைவெளி, அடுத்த நாள் இடுக்கில் கிரவுட். முப்பத்து நான்கும் முப்பத்தைந்தும் கமோடு, பேசின், குழாய், கீசர், லைட். முப்பத்தாறாம் நாள் சிலிகான் காய்வதற்கு.

கூட்டிப் பார்த்தால் ஆள் வேலை செய்தது 20 நாள், காத்திருந்தது 16 நாள். மேஸ்திரியின் பத்து நாள் இந்த இருபதைச் சுருக்கியும் பதினாறை விழுங்கியும் வருவது. மழை, வராத ஆள், குறைந்துபோன சாமான் ஆகியவற்றுக்காக இன்னும் ஒரு வாரம் சேர்த்து, ஆறு வாரம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அந்த ஆறு வாரம் பாட்டி எங்கே போவார்?

இடம் இருந்தால் பழைய கழிப்பறையைத் தொடாமல், பக்கத்தில் புதுசைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் பழசை இடிப்பதே உத்தமம். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு நாள்கூட வீடு கழிப்பறை இல்லாமல் இருக்காது. அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்றால், இடிப்பதற்கு முன் புதுக் குழியைத் தோண்டி மூடி போட்டு, அதன் பக்கத்தில் நான்கு தகரம் அடித்து ஒரு பேசினைத் தற்காலிகமாக இணைத்துவிடலாம். கதவுக்கு உள்தாழ்ப்பாளும் ஒரு பல்பும் கட்டாயம் வேண்டும். இதற்கான இரண்டு நாளை அட்டவணையின் தலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு மெடிக்கல் கடைகளில் கிடைக்கும் கமோடு நாற்காலி ராத்திரிக்கு உதவும். "பக்கத்து வீட்டுல போய்க்கலாம்" என்பது பகலில் சரி. பனிமூட்டத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, டார்ச் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்கச் சொல்வது சரியல்ல. மாதவிடாய் நாள்களில் இருக்கும் பெண்களுக்கும் ஆறு வாரம் என்பது சின்ன விஷயம் கிடையாது. வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம், திட்டம் போடுபவர்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரசுப் பணம் கிடைக்குமா என்று பலர் கேட்பது உண்டு. தூய்மை இந்தியா திட்டத்தில் ஊரகத் தனிநபர் இல்லக் கழிப்பறைக்கு ரூ.12,000 ஊக்கத்தொகை உண்டு. பழங்குடியினர் குடும்பங்களும் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அது கழிப்பறையே இல்லாத வீட்டுக்கானது, இருப்பதை டைல்ஸ் போட்டு மாற்றுவதற்குக் கிடையாது. உங்கள் வீட்டின் பெயரில் ஏற்கெனவே கழிப்பறை பதிவாகியிருக்கிறதா என்பதை ஊராட்சி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

லீவு மூன்று நாள்தான் இருக்கிறதா?

வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் முதல் நாள் லீவு எடுத்து ஊருக்கு வந்து, கடைசி நாள் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். லீவை வேறு மாதிரி பிரித்துக்கொள்ளலாம். குழிக்கும் கமோடுக்கும் குறி போடும் நாள் ஒன்று. பைப் சோதனை நடக்கும் ஒன்பதாம் நாள் இன்னொன்று. தண்ணீர் தேக்கிய இரண்டாம் நாள் மூன்றாவது. மீதியை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும். ஒன்பதாம் நாள், பூசுவதற்கு முன், நான்கு சுவரையும் டேப் வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து டவல் கம்பி மாட்ட டிரில் போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அந்த போட்டோதான் சொல்லும்.

பணத்தையும் நாள் கணக்கில் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம். தொடங்கும்போது கொஞ்சம், பைப் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் தேக்கிக் கசியவில்லை என்று பார்த்ததும் பெரிய பங்கு, மிச்சம் கடைசியில். இதை முதல் நாளே பேசிவிட்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது. காத்திருக்கும் அந்தப் பத்து நாளில் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்க்கொள்ளலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கூலி போகிறதே என்று அவர் அவசரப்படுவார். அது அவர் தப்பு இல்லை.

கடைசி இரண்டு நாளில் எலெக்ட்ரீஷியனிடம் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். கீசருக்கு 16 ஆம்பியரில் தனி லைன் வந்திருக்கிறதா, எர்த் வயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியாயிற்றா? அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அவர் முன்னாலேயே அழுத்திப் பாருங்கள். டப்பென்று லைன் விழ வேண்டும். மலைக்குளிரில் வெந்நீர் இல்லாமல் ஆகாது, ஆனால் ஈரக் கையோடு தொடும் இடம் அது. கமோடைச் சுற்றியும் பேசின் ஓரத்திலும் போட்ட சிலிகானுக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் படாமல் விட வேண்டும். மறுநாள் காலை முதல் பக்கெட் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றி, அது தேங்காமல் துளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொள்ளலாம்.